என் நலனுக்காக

டாக்டர் மெரிடித் ஓல்காட்டின் கால்நடை மருத்துவமனையில்
மூன்று பேர், ஒரு எக்ஸ்ரே இயந்திரம்,
பெட்ரோல் நிலையத்தைப் பார்த்த ஒரே ஜன்னல்.
சேர்ந்த அன்று கேட்டேன்:
ஓய்வுக்காலத் திட்டம் ஏதாவது?
பூனையின் காதிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னார்,
"எனக்கே இல்லை."
அந்த ஒரு பதிலுக்காகவே
சாவியை வாங்கிக்கொண்டேன்.

பழைய வேலையில் பதினோரு வருடம்.
பெரிய ஆஸ்பத்திரி, ரசீதுப் பிரிவு, நாலாவது மாடி.
சம்பளத்தில் நான் நூறு ஒதுக்கினால்
அவர்கள் ஐம்பது வைப்பார்கள்.
அந்த ஐம்பதை ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை,
நன்றி சொன்னதும் இல்லை.
நின்றபிறகுதான் தெரிகிறது:
பக்கத்து வீட்டு ஹீட்டரின் சூடு
சுவர் வழியாக எனக்கும் வந்துகொண்டிருந்திருக்கிறது.

விலகி நாலு மாதம்.
பணம் அங்கேயே கிடந்தது.
முப்பத்தெட்டாயிரத்து நானூற்றுப் பதினாறு டாலர்.
கடிதம் வந்தபோதெல்லாம்
ஃப்ரிட்ஜின் மேல்,
கோழி வாட்டும் தட்டுக்கு அடியில் செருகினேன்.

பிப்ரவரியில் கூரை ஒழுகியது.
மொன்டானாவில் பனி உருகுவதற்கென்று
ஒரு நாள் குறித்து வருவதில்லை.
தம்பி வேர்ன் வந்தான், காலால் வாளியை நகர்த்தினான்.
"மொத்தமாக எடுத்துவிடேன். உன் பணம்தானே?"
உன் பணம்தானே.
உன் பணம்தானே.
விடியும்வரை சொட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் மதிய இடைவேளையில் அழைத்தேன்.
இருபத்தாறு நிமிடம் ஒரே புல்லாங்குழல்.
பிறகு யோலாண்டா என்று ஒரு குரல்,
எங்கோ வெயிலடிக்கும் ஊரிலிருந்து:
"உங்கள் பெயரில் காசோலை கேட்டால்
நூற்றுக்கு இருபது வரிக்குப் பிடித்துத்தான் அனுப்புவோம்.
அறுபது நாளுக்குள் முழுத் தொகையையும்,
பிடித்த இருபதையும் உங்கள் பையிலிருந்து சேர்த்து,
வேறு ஓய்வுக் கணக்கில் போடாவிட்டால்
வருமான வரி. வயது என்ன?"
நாற்பத்தொன்பது.
"அப்படியென்றால் பத்து சதவீத அபராதமும்."
தேனெடுத்தவள் நான்.
புறங்கையை நக்குவது வேறு யாரோ.

காலடியில், மயக்கம் தெளியாத ஒரு லாப்ரடார்.
பதிமூன்று வயது.
நாயின் வயதை ஏழால் பெருக்கச் சொல்வார்கள்.
என்னை எதால் பெருக்குவது?

"இன்னொரு வழி இருக்கிறது," என்றாள்,
அவசரமே இல்லாமல், தன் பணத்தைப் போல.
"நீங்களே தனியாக ஓர் ஓய்வுக் கணக்கு திறங்கள்.
அந்த நிறுவனத்தின் பெயருக்கே எழுதி அனுப்புகிறோம்.
காசோலை உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.
நீங்கள்தான் தபாலில் சேர்க்கவேண்டும்.
ஆனால் அது உங்களுக்கு வந்ததல்ல."

வந்தது.
நிறுவனத்தின் பெயர் கொட்டை எழுத்தில்.
கீழே, கண்ணாடி போட்டால்தான் தெரியும்:
டெல்பின் ஹார்க்ரேவின் நலனுக்காக.
என் நலனுக்காக என்று
எழுத்தில் யாரும் தந்ததில்லை,
இரண்டு திருமணங்களிலும்.
தபால் நிலைய வாசலில், காருக்குள்
மூன்று முறை படித்தேன்.
ஒரு சென்ட் எடுக்க முடியாது.
ஒட்டினேன், போட்டேன்,
பெட்டியின் மூடியை இன்னொரு தடவை திறந்து
விழுந்துவிட்டதா என்று பார்த்தேன்.

கூரைக்குத் தார்ப்பாய்.
வேர்ன்தான் ஆணி அடித்தான். ஒன்றும் பேசவில்லை.

இப்போது ஒவ்வொரு சம்பளத் தேதியிலும்
எழுபது டாலர் தானாகப் போகிறது.
கூட வைக்க ஆளில்லை.
எழுபதாகக் கிளம்பி
எழுபதாகவே போய்ச் சேர்கிறது.
சில வாரம் அதுவும் வலிக்கிறது.

நேற்று விளக்கை அணைக்கும்போது
டாக்டர் ஓல்காட் நின்றுகொண்டிருந்தார்,
ஸ்வெட்டரெல்லாம் முயல் முடி, வயது ஐம்பத்தாறு.
"அந்தக் கணக்கு," என்றார்,
"எங்கே திறந்தாய்?"
புழுமருந்து ரசீதின் பின்பக்கம் எண்ணை எழுதினேன்.
அங்கேயும் புல்லாங்குழல்தான் என்று எச்சரித்தேன்.
சிரித்தார்.
தடுப்பூசி ஃப்ரிட்ஜின் மேல் வைத்தார்.

இன்று காலையும்
அங்கேதான் இருக்கிறது.