ஒரு கால் ஆடும் மேசை

முருகேஷ்பாளையத்தில் மாதம் முடிகிற நாளில்
யாராவது ஒருவன் அறையைக் காலி செய்வான்.
மெத்தை, இண்டக்‌ஷன் அடுப்பு, துணி காயப்போடும் கம்பி,
பாதி தீர்ந்த கொசு மருந்து வரை
மொத்தமாய் விலை பேசி இறக்கிவருவேன்.
துடைத்து, வெளிச்சம் விழும் பக்கம் சாய்த்துப்
படமெடுத்துப் போட்டால்
போன் அடிக்கும்.

இந்தியை எனக்குப் பள்ளிக்கூடம் சொல்லித்தரவில்லை.
ஏமாற்ற வந்தவர்கள் சொல்லித்தந்தார்கள்.
முதல் வாத்தியார் ராணுவத்தில் இருந்தார்.
ஜெய்சல்மேரிலிருந்து மாற்றலாகி வருகிறாராம்,
ஃப்ரிட்ஜ் உடனே வேண்டுமாம்.
விலையைக் குறைக்கவே இல்லை;
அங்கேயே நான் விழித்திருக்க வேண்டும்.
கட்டம் கட்டமாய் ஒரு படம் அனுப்பி
ஸ்கேன் பண்ணுங்க சிஸ்டர், பணம் வரும் என்றார்.
மெசேஜ் வந்தது.
மூவாயிரத்து இருநூறு போனது.
பணம் வாங்க யாரும் பின் நம்பர் போடுவதில்லை என்று
அன்றைக்குக் கற்றேன்,
சிலிண்டர் தீர்ந்திருந்த வாரம்.

பிறகு, நாளைக்கு வருகிறவர்கள்.
போனில் அப்படியே சேமித்திருக்கிறேன்:
நாளை ஒன்று, நாளை இரண்டு, நாளை பதினேழு.
நாளை ஒன்பதை நம்பி ஒரு கட்டிலை எட்டு நாள் நிறுத்திவைத்தேன்.
எட்டு நாளும் சவரிமுத்து
அதைச் சுற்றிப் போய்த்தான் பல் தேய்த்தார்.
ஒரு வார்த்தை கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

மேசைக்கு வந்தவன் இவர்களைப் போல இல்லை.
தமிழில் பேசினான். அரூர்ப் பக்கம். பெயர் பூவரசன்.
தண்ணி குடுங்கக்கா என்று வாங்கிக் குடித்தான்.
ஆடும் காலைக் குனிந்து பார்த்து
அட்டை வெச்சா சரியாயிடும் என்றான்.
பச்சை டிக் காட்டினான். ஆயிரத்து எண்ணூறு.
நெட்டு மெதுவா இருக்குக்கா, வந்துடும்.
அந்தப் படத்தை எனக்கும் அனுப்பிவைத்தான்.
பணம் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அளந்துதான் போட்டேன்.
நாலடிக்கு இரண்டடி.

ஐந்து மாதம் கழித்து விபூதிபுராவில் ஓர் அறை.
மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது.
கதவு திறந்ததும் மேசையைத்தான் முதலில் பார்த்தேன்.
இஸ்திரிப்பெட்டி சுட்ட அதே முக்கோணம்.
காலுக்கடியில் மடித்த அட்டை.
அதை மட்டும் சொன்னபடி செய்திருந்தான்.
பிறகுதான் அவனைப் பார்த்தேன்.

மெத்தைக்கு ஒரு விலை சொன்னான், ஃபேனுக்கு ஒன்று.
மேசைக்கு வந்தபோது குரல் நின்றது.
நான் போனைத் திறந்து
அவன் அனுப்பிய பச்சை டிக்கையே அவனுக்குக் காட்டினேன்.
நெட்டு மெதுவா இருக்குப்பா, என்றேன்.

ஒரு பக்கம் அவன் பிடித்தான், ஒரு பக்கம் நான்.
திருப்பங்களில்
மெதுவா, மெதுவா என்று இரண்டு பேருமே சொன்னோம்.
இரண்டாம் மாடியில் இழுப்பறை நழுவி
ஒரு காகிதம் விழுந்தது.
வேலை உத்தரவு. வைப்புத்தொகை முப்பதாயிரம் பெற்றுக்கொண்டோம்.
கம்பெனி பெயரில் ஓர் எழுத்து கூடுதல்.
எனக்கு இப்போதெல்லாம் அது உடனே கண்ணில் படுகிறது.
அவனுக்கு எப்போது பட்டதென்று கேட்கவில்லை.
எடுத்துக் கொடுத்தேன்.
நாலாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

மன்னித்தேன் என்றெல்லாம் இல்லை.
மெத்தைக்கும் ஃபேனுக்கும் பேசியதை எண்ணிக் கொடுத்தேன்,
கிழிந்த ஐம்பது ஒன்றை நடுவில் வைத்து.

சாயங்காலம் மறுபடி படமெடுத்துப் போட்டேன்:
மேசை. ஒரு கால் ஆடும். அட்டை உண்டு.
பணம் கையில் மட்டும்.
ஏழாவது நிமிடம் போன் அடித்தது.
வணக்கம் மேடம், நான் ராணுவத்தில்...
சொல்லுங்க சார், என்றேன்,
அவரைவிட நல்ல இந்தியில்.