மைனஸ் முப்பத்தொன்றில் ஓர் ஆகஸ்ட்

ஏற்றுமதி என்றிருந்த பொத்தானை அழுத்தினேன்.
மரமும் காகிதமும் ஏற்றுமதியான ஊர் இது,
இப்போது என் ரத்தம்.
மேல்கையில் ஒட்டிய வில்லை
ஐந்து நிமிடத்துக்கொரு முறை
மூன்று மாதம் தூங்காமல் எழுதிய கணக்கு.
கோப்பு தயார் என்றது செயலி,
அடுப்பில் கேக் வெந்துவிட்டதுபோல.

டாக்டர் கெம்ப்பைனன் கேட்டிருக்கிறார், லைசென்ஸ் புதுப்பிக்க.
கூமோவிலிருந்து கயானிவரை
நூறு கிலோமீட்டர் பனியில் பஸ் ஓட்டுகிறவளின்
சர்க்கரையைப் பார்க்க வேண்டுமாம் அரசாங்கத்துக்கு.
நியாயம்தான்.

விரிதாளைத் திறந்தால்
எண்களைக் காணோம். எல்லாம் தேதிகள்.
ஐந்து புள்ளி நான்கு, ஏப்ரல் ஐந்தாகியிருந்தது.
பதினொன்று புள்ளி இரண்டு, பிப்ரவரி பதினொன்று.
எங்கள் நாட்டில் தசமத்துக்குக் கால்புள்ளி,
செயலி எழுதியவர் நாட்டில் முழுப்புள்ளி.
இடையில் நாலு சுழி மை,
அதில் வழுக்கி என் ரத்தம்
நாட்காட்டிக்குள் விழுந்துவிட்டது.

சிரித்ததில் காப்பி சிந்தியது.
அரிசிப் பணியாரம் ஆறு தின்ற ஞாயிறு மாலை
ஜூன் பதினான்கு, ஜூலை பதினைந்து என்று
கோடை விடுமுறையாக நீள்கிறது.
ஏழு புள்ளி பூஜ்யம் மட்டும் எண்ணாகவே நிற்கிறது,
பூஜ்யமாவது மாதம் என்று ஒன்று இல்லாததால்.
அக்டோபர், நவம்பர், டிசம்பர்
என் உடம்பில் எங்குமே இல்லை.
ஒற்றைத் தசமத்துக்கு எட்டுவது ஒன்பது மாதம்தான்.
நான் வாழ்ந்ததோ பெரும்பாலும் மிச்ச மூன்றில்.

பிறகு, தேடவில்லை என்று சொன்னால் பொய்,
ஜனவரி பதினாறுக்கு உருட்டினேன்.
அங்கே இருந்தது,
வெளியே மைனஸ் முப்பத்தொன்று காட்டிய காலையில்
ஓர் ஆகஸ்ட் இரண்டு.
நேரம் 4:51.

4:51க்கு நான் போர்வைக்குள் இருந்தேன்.
ஆனால் கோப்பு பேசுவது உலக நேரம்,
இரண்டு மணி கூட்டினால்தான் எங்கள் நேரம்.
6:51க்கு நான் ஸ்டியரிங்கின் பின்னால்.
பின்னால் ஒன்பது பேர், ஒரு ஹாக்கி மூட்டை.
சாலையோரக் குச்சிகள் ஒவ்வொன்றும் இரண்டாகத் தெரிய
நிறுத்தத்தில் ஒதுக்கினேன்.
கதவு உறைந்துவிட்டது என்று மைக்கில் சொன்னேன்.
குளுக்கோஸ் வில்லையின் காகிதம் விரலுக்கு அகப்படவில்லை.
பின்வரிசையிலிருந்து எழுந்து வந்தாள் வில்யா,
முடிதிருத்தக் கல்வி படிக்கிற பெண்,
நான்கையும் உரித்து உள்ளங்கையில் வைத்துவிட்டு
மூடித் திறந்த கதவை ஒரு முறை பார்த்தாள்.
பதினான்கு நிமிடத் தாமதம்.
அன்றிலிருந்து முன் இருக்கையில்தான் உட்காருகிறாள்.
ஏன் என்று நான் கேட்டதில்லை.

இரண்டு புள்ளி எட்டு.
அதைத் தேதியாக்கிவிட்டது ஒரு புள்ளி,
தூக்கமாக்கிவிட்டது ஒரு கடிகாரம்.
நான் பொய் சொல்லவே வேண்டியதில்லை,
பிழையைப் பிழையாக விட்டால் போதும்.
முழுப் பூசணிக்காயை மறைக்க
சோறே தட்டோடு வந்து நிற்கிறது.

நின்றது. வெகுநேரம் நின்றது.
காப்பி ஆடை கட்டும்வரை.

மறுபடி ஏற்றினேன், உரையாக.
புள்ளியைத் தேடு, கால்புள்ளி போடு.
மூன்றாவது முயற்சியில் மாதங்கள் உதிர்ந்தன.
இருபத்தாறாயிரம் வரிக்கும் இரண்டு மணி கூட்டினேன்.
2,8 வந்தது. 6:51 வந்தது.
குறிப்பு என்ற காலிக் கட்டத்தில்
வண்டியில் இருந்தேன் என்று எழுதி
அழித்து
மறுபடி எழுதினேன்.

அனுப்பியாயிற்று.
கை இப்போது காட்டுவது ஆறு புள்ளி ஒன்று.
நாளையும் வண்டி 6:10க்குத்தான்,
வேறு யாரும் சொல்லும்வரை.
வெளியே போய் எஞ்சின் சூடேற்றியின் கம்பியைச்
சொருகிவிட்டு வர வேண்டும்.