காலியாக இருக்க நான்கு கிலோபைட்

புன்டா அரேனஸில் காற்று கதவைத் தட்டுவதில்லை,
தோளால் இடித்துக்கொண்டு உள்ளே வருகிறது.
ஓட்டல் விரிப்புகளை வெளுத்துத் தருவது என் பிழைப்பு.
நாற்பது விரிப்பு, எண்பது தலையணையுறை,
மாதக் கடைசியில் ஒரு பில்.

பில் போடும் லேப்டாப்புக்குப் பதினொரு வயது.
புதிய விண்டோஸுக்கு இது தகுதியில்லை என்று
ஒருநாள் திரையே சொன்னது,
கடன் மறுக்கும் வங்கிக்காரரின் மரியாதையோடு.
தூக்கிப் போடுங்கள் சென்யோரா, என்றான் கடைக்காரன்.
அப்போது என்னோடு இருந்த எரிபெர்த்தோ
சாவிக்கொத்திலிருந்து ஒரு பென்டிரைவைக் கழற்றினான்.
அரைமணி நேரம்.
இனி இது லினக்ஸ், என்று
டயர் மாற்றியவனைப் போல் கைகளைத் துடைத்துக்கொண்டான்.

முதல் வாரம் பில்லில் நூன்யெஸ் அம்மாள்
நூனெஸ் ஆகிவிட்டார்.
"என் பெயரின் மேல் ஒரு அலை இருந்ததே தானிட்சா,
விரிப்போடு சேர்த்து அதையும் வெளுத்துவிட்டாயா?"
விசைப்பலகைக்கு என் மொழி எது என்று
யாரும் சொல்லியிருக்கவில்லை. தேடிப்பிடித்து
நானே சொன்னேன்.
பிரிண்டரோ ஒரு கேள்வியும் கேட்காமல் அச்சடித்தது.
இவ்வளவு சுலபமாக இருக்காதே என்று
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
வைஃபை மட்டும் தூங்கி எழுந்தால் ஊரை மறந்துவிடும்.
அதற்காகச் சமையலறை வழியே ஒரு கேபிள்,
இன்றும் தாண்டித்தான் நடக்கிறேன்.

பிறகு அவன் வடக்கே போனான்,
கலாமாவின் செம்புச் சுரங்கத்துக்கு.
மூன்று வாரத்துக்கு ஒருமுறை வந்தான்,
ஐந்து வாரத்துக்கு ஒருமுறை வந்தான்.
சண்டையெல்லாம் இல்லை.
கெட்டிலை எடுத்துக்கொண்டு போனான்,
பாஸ்வேர்டையும்.

செவ்வாய்தோறும் ஒரு சிறு பெட்டி எழுந்து நின்றது:
புதுப்பிப்புகள் உள்ளன.
நிர்வாகியின் கடவுச்சொல்லைத் தரவும்.
கீழே அவன் பெயர்.
ஏழு மாதம் 'பிறகு' என்பதை அழுத்தினேன்.
ஒருமுறை போன் செய்தேன்,
மூன்றாவது மணியில் நானே துண்டித்தேன்.

உலர்த்தி சுற்றிக்கொண்டிருந்த ஒரு ராத்திரி,
போனில் படித்துப் படித்து,
ஷிஃப்டை அழுத்தியபடி இயந்திரத்தை எழுப்பினேன்.
கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து.
நிர்வாகிகளின் பட்டியலில் என் பெயரைச் சேர்க்க
ஒரே ஒரு வரி.
பாத்திரக் கடையில் நடப்பவள் போல் அடித்தேன்.

மறுபடி எழுந்ததும் டெர்மினல் கேட்டது:
கடவுச்சொல்?
என்னுடையதை அடித்தேன்.
ஒன்றும் விழவில்லை.
நட்சத்திரம் இல்லை, புள்ளி இல்லை,
கர்சர்கூட நகரவில்லை.
விசைப்பலகை செத்துவிட்டதென்று நினைத்தேன்.
அழித்துவிட்டு மீண்டும், மெதுவாக,
இருட்டில் விரிப்பு மடிக்கும் விரல்களால்.
என்டர்.

அத்தனையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.
வரிமேல் வரியாகக் கொட்டியது,
முந்நூற்றுப் பன்னிரண்டு பொதிகள்,
ஏழு மாதம்.

தேநீர் ஒன்று போட்டேன். பாலைக் கொதிக்கவைக்கும்
குட்டிப் பாத்திரத்தில், கெட்டில் இல்லாததால்.
பிறகு பயனர்கள் பக்கத்தில் அவனைத் தொட்டு
நீக்கு என்றேன்.
அது திருப்பிக் கேட்டது:
இவரது வீட்டையும் அழிக்கவா,
வைத்துக்கொள்ளவா?

வீடு என்றுதான் சொல்கிறது இந்த இயந்திரம்,
ஒவ்வொருவருக்கும் ஒன்று.
முதலில் எட்டிப் பார்ப்போம் என்று திறந்தேன்.
ஆவணங்கள். படங்கள். இசை. காணொளிகள்.
முதல் நாள் இயந்திரமே கட்டிவைத்த அறைகள்.
எதிலும் ஒரு துரும்பு இல்லை.
அறைக்கு நான்கு கிலோபைட்;
காலியாக இருக்கவும் அவ்வளவு இடம் வேண்டுமாம்.

சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

ஓட்டலிலிருந்து போன்:
தலையணையுறை எழுபத்தொன்பதுதான் வந்திருக்கிறது.
எண்ணித்தான் அனுப்பினேன், என்றேன்.
பாதியில் நின்ற கேள்வியை
திரையின் இரண்டாவது மேசைக்குத் தள்ளிவிட்டு
பில்லைத் திறந்து
எல்லாவற்றுக்கும் முன்னால்
நூன்யெஸ் அம்மாளின் அலை
அதே இடத்தில் இருக்கிறதா என்று பார்த்தேன்.