நியூலின் துறைமுகம், வெள்ளி இரவு

ஜோரி பகலில் பல் டாக்டர்.
இரவில் கப்பல் பாட்டு.
"இழு, இழு" என்று அவன் எடுத்துக்கொடுத்தால்
மதுக்கடையே மேசையைத் தட்டும்;
ஒருவர் கையிலும் கயிறு கிடையாது.

கெரென்சாவின் ஃபிடிலில் இன்று ஒரு தந்தி அறுந்துவிட்டது.
மிச்சம் மூன்றை வைத்தே ஓட்டுகிறாள்.
நடன மெட்டு கொஞ்சம் நொண்டுகிறது,
அக்கார்டியன் கைபிடித்துக் கூட்டிப் போகிறது.

பத்தேகாலுக்குக் கதவு திறக்கிறது. லோவெனா.
ரப்பர் பூட்ஸில் மீன்செதில்.
ஒன்பது நாள் கடல்
அவள் நடையில் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது.

"எங்கள் படகில் வலை இழுக்கப் பொத்தான்தான்" என்கிறாள்,
"அமுக்கு, அமுக்கு என்று பாடேன்."

சிரிப்பு. ஜோரியின் காது சிவக்கிறது.
அப்புறம் அப்படியே பாடுகிறான்:
அமுக்கு, அமுக்கு.
தாளத்தில் ஒழுங்காகத்தான் உட்காருகிறது.

மூன்றாம் அடிக்குள் அவள் தூங்கிவிட்டாள்
நாற்காலியிலேயே, வாய் திறந்து.
ஒவ்வொரு "அமுக்கு"வுக்கும்
மேசைமேல் வலது கட்டைவிரல் மட்டும்
மெல்ல அழுந்துகிறது.

பாடியபடியே ஜோரி கவனிக்கிறான்:
கீழ்வரிசையில், உள்ளே,
ஒரு சொத்தை.
திங்கட்கிழமை வரச் சொல்லவேண்டும்,
அதற்குள் அவள் கடலுக்குப் போகாமல் இருந்தால்.