விடுபட்ட சாண்

காலை ஆறரைக்கு அம்பகாமக் காட்டோரம்
வாகனம் எங்களை இறக்கிவிடும்.
கவசம் மாட்டி, முகத்திரை தாழ்த்தி
எனக்கு அளந்த ஒரு மீற்றர் அகலத்துக்குள்
முழந்தாளிடுவேன்.

கீறல் விழுந்த பிளாஸ்ரிக் திரை.
வெயில் ஏற ஏற அதில் என் முகம் தெரியும்,
மண்ணுக்கு மேலே மங்கலாய் ஒட்டிக்கொண்டு:
உருகிச் சுருங்கிய இடக்கன்னம்,
கீழே இழுபட்ட கண்.
நாலு வருஷமாய் அந்த முகத்தின் ஊடாகத்தான்
மண்ணைப் பார்க்கிறேன்.

வீட்டில் கண்ணாடி இல்லை.
வகிடு எடுக்க விரல் போதும்.
கலியாண வீட்டில் படம் பிடித்த பெடியன்
"கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்கோ அக்கா" என்றான்.
நல்ல மனசோடுதான் சொன்னான்.
அதுதான் ஆறவில்லை.

கோயிலில் கடைசி வாங்கு, தூணுக்குப் பின்னால்.
சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரம்
குனிந்து செருப்பைத் தேடுவேன்.
தம் சாயலாய்ப் படைத்தார் என்று
வாசகம் வரும் நாட்களில்
அதற்கு வெளியே நின்றுதான் கேட்பேன்,
நிவாரண வரிசையில்
அட்டை இல்லாதவள்போல.

வைகாசியில் ஒரு செவ்வாய்.
முதல்நாள்தான் காய்ச்சல் விட்டிருந்தது.
டிடெக்டர் வீசி வந்த கை எங்கோ ஓரிடத்தில் சோர்ந்தது.
இந்த வீச்சுக்கும் அடுத்த வீச்சுக்கும் இடையே
ஒரு சாண் விடுபட்டதா, இல்லையா?
தடியை முன்னே நகர்த்திவிட்டேன்.
ஒருத்தரும் காணவில்லை.
பாலை மரத்தில் ஒரு மந்தி,
அதுவும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது.

பின்னேரம் புத்தகத்தில் எழுத வேண்டும்:
சுத்தம். எமில்டா சூசைப்பிள்ளை.
பேனை இறங்க மறுத்தது.
இது சிறில் குடும்பத்தின் காணி.
மூன்று பெட்டைகள்.
கடைக்குட்டி காலில் ஒன்றும் போடாமல் திரிகிறவள்.
என் பெயரை நம்பி அவள் இதில் ஓடுவாள்.
என் முகத்தை அவள் காணப்போவதே இல்லை.

"ஒரு சாண் விட்டிட்டன் போல கிடக்கண்ணை.
எங்கையெண்டு நிச்சயமில்லை."
யோகச்சந்திரன் நெற்றியைத் தேய்த்தார்.
மூன்று நாள் வேலை முழுதும் திரும்ப.
எனக்கொரு எச்சரிக்கைக் கடிதம்.
குழுவுக்கு வர இருந்த மேலதிகக் காசு போனது.
வினோதினி அன்று என்னோடு சாப்பிடவில்லை,
கத்தரிக்காய்க் கறியைத் தூக்கிக்கொண்டு
வீரை மரத்தடிக்குப் போய்விட்டாள்.

இரவு செபமாலை கையில் இருந்தது, நகரவில்லை.
வடிவும் இல்லை ஆண்டவரே,
இப்போ வேலைகாரி என்ற பேரும் இல்லை,
மிச்சம் என்ன வைத்திருக்கிறீர் என்னிடம்?
பதில் இல்லை.
பக்கத்து வளவில் நாய் குரைத்தது.

திரும்பவும் முழந்தாள்.
மூன்றாம் நாள் பத்து மணிபோல
டிடெக்டர் கத்தியது.
மூச்சைப் பிடித்துக்கொண்டு
மண்ணைத் துளித்துளியாய் ஒதுக்கினேன்.
வந்தது ஒரு கரண்டி.
துருவேறி, காம்பு வளைந்து,
எந்தப் பிள்ளைக்கோ சோறூட்டிய கரண்டி.

அப்போ, விட்டது உண்மைதான்.

தூரத்துக் கோட்டில் நின்ற வினோதினி
சிரித்துவிட்டாள்.
நானும்.

குனிந்தபடியே இருக்கப் பட்டது:
ஆதியில் அவரும் இப்படித்தான் இருந்திருப்பார்.
முழந்தாளில். நகக்கண்ணில் மண்ணேற.
அவசரமில்லாமல்.
என்ன, மூச்சை அவர் பிடித்து வைக்கவில்லை,
ஊதினார்.
சாயல் என்றது கன்னத்தையோ,
இந்தக் குனிவையோ?
சாமியாரிடம் கேட்கவில்லை.
கேட்டால் நீளமாய்ச் சொல்லுவார்.

ஞாயிறு, தூணுக்கு இந்தப்பக்கம் இருந்தேன்.
பயமாய்த்தான் இருந்தது.
முன்வாங்குப் பெண் திரும்பிக் கைநீட்டினாள்,
கொடுத்தேன்.
செருப்பு கிடந்த இடத்திலேயே கிடந்தது.

ஐப்பசி மழைக்கு முன்னம் காணி கொடுபடும்.
கடைசிப் பக்கத்தில் என் பெயரைக்
கொஞ்சம் பெரிதாகவே எழுதினேன்.

முகத்திரையில் அதே கன்னம், அதே கண்.
துணியால் துடைத்தேன், கீறல் போகவில்லை.
ஊடே மண் நன்றாகத் தெரிந்தது.