இடமுறுக்கு

புதுவயல் அரிசி மில் வாசலில்
இருபத்தைந்து டன் புழுங்கலோடு
நின்றுவிட்டது டிரெய்லர்.
"காத்து இறங்குது அடைக்கலண்ணே" என்றான் செங்கோடன்,
சங்ககிரிக்காரன், மூன்று நாள் தாடி.
"எங்க?"
"அது தெரிஞ்சா உங்கள ஏன் எழுப்புறேன்."

நியாயம்தான்.

சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்தேன்:
நாலு கருங்கல், ஒரு புளியங்கட்டை.
எட்டு பார் ஏற்றி எஞ்சினை நிறுத்தச் சொன்னேன்.
கரண்ட் போய் மில்லும் நின்றிருந்தது.
புதுவயலில் இப்படியொரு அமைதிக்கு
மின்வாரியம் மனசு வைக்க வேண்டும்.

என் வலது காதை ஒரு கம்ப்ரசருக்குக் கொடுத்தாயிற்று.
இடது காதை நம்புவதில்லை;
தவிட்டுக் குவியலில் எலி ஓடினாலும்
லீக் என்று சாதிக்கும்.
கன்னத்தை நனைத்துக்கொண்டு குனிவேன்.
ஊசியாய்க் குளிர்கிற இடம்தான் இடம்.

டிரெய்லர் ஹோஸ் இரண்டையும் கழற்றி அடைத்தேன்.
கேஜ் முள் அசையவில்லை.
முன்வண்டிமேல் பழியில்லை.
டேங்க் வடிகாலைத் திறந்தால்
சாம்பல் பால்போல் தண்ணீர், எண்ணெய் கலந்து.
அது வேறு நோய், அதற்கு இன்னொரு நாள்.
மறுபடி மாட்டினேன். நின்றது.
பெடலை மிதித்துப் பிடித்தால் மட்டும்
மெல்ல மெல்லக் கீழே வந்தது.

பாதி வண்டியை மறந்துவிடலாம்.

கிளீனர் திருமயத்தில் கோபித்துக்கொண்டு இறங்கிவிட்டானாம்.
செங்கோடன் மேலே, நான் கீழே.
சேஸிஸில் ஸ்பேனரால் ஒரு தட்டு: மிதி.
இரண்டு: விடு.
அவ்வளவு அரிசிக்கு அடியில் மல்லாந்து கிடப்பவனுக்கு
மேலே இருப்பவனின் பெயர் மட்டும் தெரியும்.

ஒரு ரூபாய் ஷாம்பு கரைத்த தண்ணீர், பழைய பெயிண்ட் பிரஷ்.
ரிலே வால்வில் ஒன்றுமில்லை.
சேம்பர் ஆறும் சுத்தம்.
இரண்டாம் அச்சுக்கு மேலே
கை மட்டும் நுழைகிற சந்தில்
தவளைத் தொண்டையாய் ஒரு குமிழ்
உப்பியது, உடைந்தது, உப்பியது.

ஒட்டுப்போட்ட ஹோஸ்.
சைக்கிள் டியூப் சுற்றிக் கம்பி கட்டியிருந்தது.
"எந்தக் கூமுட்டைடா இதக் கட்டுனது!"
மேலே செங்கோடன் சிரித்தான்.
"பழைய ஓனர் காலத்து வேலையா இருக்கும்ணே.
நாங்க வாங்கி எட்டு மாசந்தான்."

டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனேன்.
கம்பி இடப்பக்கம் முறுக்கியிருந்தது.

பள்ளத்தூரிலிருந்து அறந்தாங்கி வரைக்கும்
கம்பியை இடமாக முறுக்குகிறவன்
எனக்குத் தெரிந்து ஒருத்தன்.
சோறு தவிர எல்லாம் அவனுக்கு இடக்கை.
சேஸிஸின் பச்சைப் பெயிண்டை நகத்தால் சுரண்டினேன்.
உள்ளே நீலம்.

நீல டிரெய்லர். சிமெண்ட் லோடு. ஐப்பசி மழை,
தார்ப்பாய் பிடிக்கக்கூட ஆளில்லாத ராத்திரி.
"மானாமதுரை வரைக்கும் தாங்கும்" என்றேன்.
"போனதும் மாத்திரு" என்றும் சொன்னேனா?
அதை யோசித்தபடியே கிடந்தேன்.
கை தன்பாட்டுக்கு ஒரு தட்டு தட்டியிருக்கும்போல.
அவன் மிதித்தான்.
முகத்தில் அறைந்தது காற்று.

"கெடச்சுதாண்ணே?"
"கெடச்சுது."

புது ஹோஸ் அளந்து வெட்டி, நட்டு இறுக்கி,
பத்து நிமிஷம் மிதித்தபடி இருக்கச் சொன்னேன்.
முள் ஏழில் நின்றது.
கொசு கடித்துவிட்டுப் போனது, முள் நின்றது.

ஹோஸ் காசு மட்டும் வாங்கிக்கொண்டேன்.
"கூலி வேணாமா? ஏண்ணே?"
வாயைத் திறந்தேன், கரண்ட் வந்தது.
மில் முழுக்க ஒரே இரைச்சல்.
சொல்லத்தான் செய்தேன்.
அவன் காதில் எவ்வளவு விழுந்ததோ,
தலையை ஆட்டிவிட்டு
காரைக்குடிப் பக்கம் திருப்பினான்.

கழற்றிய கம்பி கால்சட்டைப் பையில்.
வீடு வரைக்கும் தொடையைக் குத்தியபடி வந்தது.

முறுக்கு நல்ல முறுக்குதான்.
இரண்டு மழை தாங்கியிருக்கிறது.