தோன்றா எழுவாய்

ஒசாகாக் கோப்புகள் வெள்ளி மாலைதான் வரும்,
திங்கள் காலை ஒன்பதுக்கு ஆங்கிலமாக வேண்டும்.
எழுத்துக்கு முப்பது சென்.
அவசரமென்றால் நாற்பது.
இந்த முறை அவர்களாகவே நாற்பது என்றார்கள்.
அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

சுங்கை நிபோங்கில் ஒன்பதாம் மாடி.
சன்னலைத் திறந்தால் பாலத்து லாரிகள்,
மூடினால் விசிறி.
பதினாறு வருடமாய் இந்த மேசையில்
பெயரில்லாத இருவருக்கு எழுதுகிறேன்:
அவர்கள் மொழியில் கோ, ஒட்சு,
ஆங்கிலத்தில் ஏ தரப்பு, பி தரப்பு.
ஏ கொடுப்பார். பி பெறுவார்.
தகராறு வந்தால் ஒசாகா நீதிமன்றம்.

நட்டத்துக்கு அங்கே கழித்தல் குறி கிடையாது,
எண்ணுக்கு முன்னால் ஒரு கறுப்பு முக்கோணம்.
ஆங்கிலத்தில் அதற்குப் பிறை அடைப்பு,
இரண்டு உள்ளங்கையால் பொத்திப் பிடித்ததுபோல.
பதினேழாம் பக்கத்தில்
முக்கோணங்கள் எறும்புச் சாரியாய் இறங்கின.
ஒவ்வொன்றாய்ப் பொத்தினேன்.

இருபத்து மூன்றாம் பக்கத்தில் அந்த வரி.
பாயான் லெப்பாஸ் இரண்டாம் ஆலை,
வரும் மார்ச்சோடு,
மூடுவதென்று ஆயிற்று.

யார் மூடுகிறார்? வரியில் இல்லை.
தமிழில் அது தானாக வந்து உட்கார்ந்துகொண்டது,
வினை கடைசியில், எழுவாய் தோன்றாமல்,
யார் மேலும் பழியில்லாமல்.
ஆங்கிலம்தான் கதவைப் பிடித்துக்கொண்டு
யார், யார் என்றது.
நிறுவனம் என்று எழுதினேன்.
உள்ளே விட்டது.

சனிக்கிழமை அந்தியில் குணவதி.
பக்கத்து வீடு, இரண்டாம் ஆலை,
பத்தொன்பது வருடமாய் நுண்ணோக்கி.
ஒரு கையில் எண்ணெய் ஊறிய பையில் பீசாங் கோரேங்,
மறு கையில் வங்கிக் காகிதம்,
ரெலாவில் மூன்று அறை, முப்பது வருடக் கடன்.
"எழுத்தெண்ணிக் காசு வாங்கறவ நீ,
இதக் கொஞ்சம் பாத்துக் குடு லா.
செவ்வாக்கெழம சைன் போடணும்."

அவர்கள் சட்டத்தில் ஒரு சொல் உண்டு, ஸென்-இ.
எழுத்தைப் பிரித்தால் நல்லெண்ணம்.
சட்டத்தில் அதற்குப் பொருள்
ஒரு விஷயம் தெரியாமலிருப்பது.
எதிர்ச்சொல் அகுயி. தீய எண்ணம்.
தெரிந்திருப்பது, அவ்வளவுதான்.
பிள்ளையாருக்கு வெள்ளிக் கவசம் செய்து போட்டவளானாலும்
தெரிந்துவிட்டால் அகுயி.
தொழிலுக்குப் புதியவர்கள் இதில் வழுக்குவார்கள்,
நல்லவன் கெட்டவன் என்று எழுதிவிட்டு
திட்டு வாங்குவார்கள்.
நான் ஒருமுறையும் வழுக்கியதில்லை.

வங்கிக் காகிதத்தைப் படித்தேன்.
வட்டி சரி. தவணை சரி.
கூட்டாகவும் தனித்தனியாகவும் என்ற பத்தியில்
அவளும் அவள் தம்பியும்.
ஒரு குறையும் இல்லை,
அவள் கேட்டது அதைத்தான்.
மேசை இழுப்பறையில் என் கையெழுத்துள்ள தாள்:
அறிந்ததை யாரிடமும் சொல்வதில்லை,
வாயாலோ எழுத்தாலோ வேறெவ்வகையிலுமோ.
வேறெவ்வகையிலுமோ என்பதை
நானே மொழிபெயர்த்தேன் ஒருமுறை, வேறு யாருக்கோ.

"செவ்வாய்க்கிழமை வேண்டாம்" என்றேன்.
"ஏன், ஏதாச்சும் தப்பா இருக்கா?"
"இல்ல. வேண்டாம்."
"யாரு சொன்னா?"

எண்ணெய் என் விரலில் காய்ந்துகொண்டிருந்தது.
சில்லின் மேல் மயிரிழை விரிசலைக் கண்டு
தள்ளிவைத்துச் சம்பளம் வாங்கும் கண்கள்
என் முகத்தில் கொஞ்சம் நின்றன.
வெளிச்சத்தைச் சரிசெய்வதுபோல
தலையை ஒரு பக்கம் சாய்த்தாள்.
பிறகு காகிதங்களை அடுக்கினாள்,
முனைகள் பொருந்தும்வரை மேசையில் தட்டி.
பையை விட்டுவிட்டுப் போனாள்.

இன்னும் பதினெட்டுப் பக்கம்.
பணிநீக்க ஈட்டுத்தொகை, அட்டவணை மூன்று.
தலைக்கு இவ்வளவு என்று இருந்தது.
தலைக்கு என்ற சொல்லை மாற்றி
ஒவ்வொருவருக்கும் என்று எழுதினேன்,
யாரும் கேட்காமலே.

சுவருக்கு அந்தப் பக்கம் அவள்
தொலைபேசியில் தாழ்ந்த குரலில் பேசுகிறாள்.
வங்கியிடமா, தம்பியிடமா,
வரிசையில் பக்கத்து நுண்ணோக்கிக்காரியிடமா,
கேட்கவில்லை.
விசிறியை நிறுத்தவில்லை நான்.
இது ஒன்றிலாவது
ஸென்-இ.